இன்றைக்கு இவர் ஏன் இன்னும் உள்ளே? விசாரணைக் கைதிகள் கணக்கைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களுக்கு

டர்பனில் ஏதோ ஒரு சட்ட உதவி மேசையிலோ சமூக அமைப்பிலோ சேர்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு எக்செல் தெரியும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். "விசாரணைக் கைதிகள் விவரத்தை இனிமேல் நீங்கள் பாருங்கள்" என்று ஒரு கோப்பை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கும் இந்த வேலை அப்படித்தான் வந்து சேர்ந்தது. முதல் ஆறு மாதம் தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். அந்தத் தடுமாற்றம் உங்களுக்குக் கொஞ்சம் குறையட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இணையத்தில் தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் அமெரிக்கக் கட்டுரைகள். படியுங்கள், ஆனால் ஒரு வித்தியாசத்தை மனதில் வையுங்கள். அங்கே பெரும்பாலான கவுண்டிகளுக்கு, அதாவது மாவட்டங்களுக்கு, சொந்தச் சிறை உண்டு, அதற்கு அந்த ஊர் ஷெரிஃப் பொறுப்பு. தென்னாப்பிரிக்காவில் அப்படியில்லை. கைது செய்வது போலீஸ். வழக்கை நடத்துவது தேசிய அரசு வழக்கறிஞர் ஆணையம். வாய்தா போடுவது மாஜிஸ்திரேட். ஆளைப் பூட்டி வைத்து மூன்று வேளை சாப்பாடு போடுவது சீர்திருத்தச் சேவைகள் துறை. நான்குமே தேசிய அமைப்புகள், நான்கும் தனித்தனியாகப் பதிவு வைப்பவை. டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த்திலோ வெருலத்திலோ கோர்ட்டில் நின்றவர் ஜாமீன் இல்லாமல் போனால் அநேகமாக வெஸ்ட்வில் சிறையின் மீடியம் ஏ பிரிவுக்குப் போவார். "இடமில்லை, திருப்பிக் கூட்டிப் போங்கள்" என்று சொல்லும் உரிமை அந்தச் சிறைக்குக் கிடையாது. வாரன்ட் இருந்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆகவே சிறையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

சொல் ஒன்றையும் சரிசெய்துகொள்வோம். ஊரில் எல்லோரும் இன்னமும் "அவெய்ட்டிங் ட்ரயல்" என்றுதான் சொல்கிறார்கள். 2011-இன் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு சட்டத்தில் உள்ள சொல் "ரிமாண்ட் டிட்டெய்னி", அதாவது விசாரணைக் காவலில் இருப்பவர். நாட்டின் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படித் தண்டனை பெறாதவர்கள். குற்றம் நிரூபிக்கப்படும்வரை இவர்கள் நிரபராதிகள் என்று அரசியல் சாசனத்தின் 35ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் கோப்பின் தலைப்பில் "குற்றவாளிகள்" என்று யாராவது போட்டு வைத்திருந்தால் முதல் வேலையாக அதை அழியுங்கள்.

பந்திக் கணக்கு

புரட்டாசிச் சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் அன்னதானம் நடக்கிறது. நிமிடத்துக்கு 10 பேர் உள்ளே வருகிறார்கள், ஒவ்வொருவரும் 20 நிமிடம் உட்காருகிறார்கள். அப்படியானால் எந்த நேரத்திலும் மண்டபத்தில் சுமார் 200 பேர் இருப்பார்கள். வருகிற கூட்டம் கூடவே இல்லை, ஆனால் சாப்பிட்டு முடித்த தாத்தாக்கள் இலையை மூடாமல் பேசிக்கொண்டிருப்பதால் சராசரி 30 நிமிடமாகிவிட்டது என்று வையுங்கள். இப்போது மண்டபத்தில் 300 பேர். வாசலில் நிற்பவர் "இன்றைக்கு ஜனம் அதிகம்" என்பார். அதே ஜனம்தான். எழுந்திருக்கத்தான் நேரமாகிறது.

சிறையும் இதே கணக்குதான். ஒரு நாளைக்கு எத்தனை பேர் உள்ளே வருகிறார்கள், ஒருவர் சராசரியாக எத்தனை நாள் இருக்கிறார் என்ற இரண்டையும் பெருக்கினால் எந்த நாளும் உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை கிடைக்கும். இதை விட்டுவிட்டு மொத்தத் தலை எண்ணிக்கையை மட்டும் மாதாமாதம் கோடு போட்டு வரைவது வீண். கோடு ஏறினால் கைது கூடியதா, வழக்கு இழுபடுகிறதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் மருந்து வேறு.

ஒரு கற்பனைக் கணக்கு. தினமும் 20 பேர் வருகிறார்கள். அவர்களில் 15 பேர் பத்தே நாளில் வெளியே போய்விடுகிறார்கள். மீதி 5 பேர் சராசரியாக 210 நாள் இருக்கிறார்கள். 15-ஐ 10-ஆல் பெருக்கினால் 150, 5-ஐ 210-ஆல் பெருக்கினால் 1,050, ஆக உள்ளே 1,200 பேர். வரவுப் புத்தகத்தைப் பார்ப்பவர் "நாலில் மூன்று பேர் சீக்கிரம் போய்விடுகிறார்கள், பிரச்சினையே இல்லை" என்பார். ஒரு காலையில் சிறைக்குள் நடந்து போய்ப் பார்ப்பவருக்கு எட்டில் ஏழு பேர் மாதக்கணக்கில் கிடப்பவர்களாகத் தெரிவார்கள். இருவர் சொல்வதும் உண்மை. புதிதாக வருபவர்கள் அதிகம் இடறி விழுவது இந்த இடத்தில்தான். உங்கள் கையில் இருப்பது வந்தவர்களின் பட்டியலா, ஒரு நாள் இருந்தவர்களின் பட்டியலா என்று எப்போதும் கேளுங்கள்.

அதே கணக்கில், பத்து நாளை ஐந்தாகக் குறைத்தால் 75 பேர்தான் குறைவார்கள். நீண்ட நாள் இருப்பவர்களின் காத்திருப்பில் ஒரே ஒரு மாதத்தைக் குறைத்தால் 150 பேர் குறைவார்கள். நெரிசலைக் குறைப்பதுதான் குறி என்றால் எங்கே கை வைக்க வேண்டும் என்று இதிலேயே தெரிகிறது. அதற்காகப் பத்து நாள்காரர்களை மறந்துவிடாதீர்கள். மண்டபத்துக்கு அவர்கள் சுமை இல்லாமல் இருக்கலாம், ஆனால் பத்து நாள் வேலைக்குப் போகாதவனை எந்த முதலாளி வைத்திருப்பான்?

மூன்று நம்பர், ஒரே ஆள்

சரி, விவரம் எங்கே இருக்கிறது? போலீஸ் டாக்கெட்டில், அதாவது அவர்களுடைய வழக்குக் கோப்பில், ஒரு நம்பர், அதை இங்கே கேஸ் நம்பர் என்பார்கள்: ஸ்டேஷன் பெயர், ஒரு எண், மாதம், வருஷம். கோர்ட்டில் அதே வழக்குக்கு வேறொரு நம்பர். சிறையில் ஆளுக்கே ஒரு பதிவு நம்பர். மகனைத் தேடி வரும் ஒரு அம்மாவிடம் "அக்கா, நம்பர் இருக்கிறதா?" என்று கேட்டால் கைப்பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் வரும். அது மூன்றில் எது என்று அவருக்கும் தெரியாது, முதல் மாதத்தில் உங்களுக்கும் தெரியாது.

மூன்றையும் ஒரே வரிசையில் எழுதிவைக்கும் பழக்கம்தான் இந்த வேலையின் பாதி. பெயரை வைத்து ஆளைச் சேர்க்காதீர்கள். நம் ஊரில் கோவிந்தரும் நாயுடுவும் பிள்ளையும் எத்தனை பேர் என்று சொல்லத் தேவையில்லை. ஒரே பெயரையே கோவெண்டர், கவுண்டர், கோவிந்தர் என்று மூன்று விதமாக எழுதும் குமாஸ்தாக்களும் உண்டு. நான் ஒருமுறை இரண்டு வழக்கு உள்ள ஒருவரை இரண்டு ஆளாக எண்ணிக் கூட்டத்தில் வாசித்துவிட்டேன். அதைவிட மோசமானது, ஒரு வழக்கில் ஜாமீன் கிடைத்ததைப் பார்த்துவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார் என்று குறித்திருந்தேன். மற்ற வழக்கில் அவர் இன்னும் உள்ளேதான் இருந்தார்.

கோர்ட்டிலிருந்து சிறைக்கு ஆளோடு போகிற காகிதம் ஜே 7 என்ற வாரன்ட். பெயர், குற்றச்சாட்டு, அடுத்த வாய்தா, ஜாமீன் பற்றிய விவரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். "இருக்க வேண்டும்" என்பதை அழுத்திப் படியுங்கள். ஜாமீன் கட்டம் காலியாக இருந்தால் ஜாமீன் மறுக்கப்பட்டது என்று நீங்களாக நிரப்பாதீர்கள். காலி என்றே எழுதுங்கள். எத்தனை கட்டம் காலி என்பதும் ஒரு தகவல்தான்.

கோப்பில் என்னென்ன பத்தி, அதாவது நெடுவரிசை, வேண்டும் என்று கேட்பீர்கள். கைதான தேதி, முதன்முதலில் சிறைக்கு வந்த தேதி, கோர்ட், குற்றச்சாட்டு, ஜாமீன் நிலை, தொகை, அடுத்த வாய்தா, இதுவரை எத்தனை வாய்தா, கடைசி வாய்தாவுக்குக் காரணம், வக்கீல் இருக்கிறாரா, வயது, வேறு வழக்கு உண்டா. இது போதும். நாற்பது பத்தி உள்ள கோப்புகளைப் பார்த்திருக்கிறேன், யாரும் நிரப்புவதில்லை. இரண்டு தேதியையும் தனித்தனியாக வையுங்கள், ஏனென்றால் கீழே வரும் கெடுக்களில் சில கைதிலிருந்து ஓடும், சில சிறை வாசலிலிருந்து ஓடும்.

"ஜாமீன் இல்லை" என்ற ஒரு சொல்லுக்குள்

பழைய கோப்புகளில் ஜாமீன் என்ற பத்தியில் "ஆம்", "இல்லை" என்று இரண்டே பதில் இருக்கும். இதைவிடப் பயனற்ற பத்தி வேறில்லை. "இல்லை" என்பதற்குள் குறைந்தது நாலு வகை ஆட்கள் இருக்கிறார்கள். விசாரித்து மறுக்கப்பட்டவர் ஒருவர். ஜாமீன் கேட்கவே கேட்காதவர் ஒருவர். வக்கீல் வருவதற்குள் வாய்தா முடிந்திருக்கும், அல்லது கேட்டுப் பயனில்லை என்று விட்டிருப்பார். மனு நிலுவையில் உள்ளவர் ஒருவர். தொகை குறித்தாகிவிட்டது, கட்டப் பணமில்லை என்பவர் இன்னொருவர்.

கடைசி ஆளைப் பாருங்கள். இவர் வெளியே இருக்கலாம் என்று மாஜிஸ்திரேட்டே முடிவு செய்துவிட்டார். 500 ராண்ட் இல்லாததுதான் அவரை உள்ளே வைத்திருக்கிறது. உங்கள் கோப்பு வேறொன்றும் செய்யாவிட்டாலும், தொகை குறித்து ஏழு நாளுக்கு மேல் கட்டாமல் இருப்பவர்களின் பெயரை வாரம் ஒருமுறை பிரித்துக் கொடுத்தாலே போதும். இவர்களுக்குச் சட்டத்தில் வழி உண்டு. 1977-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 63ஆம் பிரிவின்படி தொகையைக் குறைக்கவோ நிபந்தனையை மாற்றவோ கேட்கலாம். 63ஏ பிரிவின்படி, நெரிசல் கைதிகளின் மானத்துக்கோ உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்தாகிவிட்டது என்று கண்டால் சிறைத் தலைவரே கோர்ட்டுக்கு மனுப் போடலாம். ஆனால் அந்த 63ஏ எல்லோருக்கும் பொருந்தாது: போலீஸோ அரசு வழக்கறிஞரோ ஜாமீன் கொடுக்கக்கூடிய வகைக் குற்றமாக இருக்க வேண்டும், கோர்ட் தொகை குறித்திருக்க வேண்டும், கட்ட முடியாத நிலை இருக்க வேண்டும், அந்த வகையில் சேராத வேறு குற்றத்துக்காகவும் பிடித்து வைத்திருக்கக் கூடாது. நான்கும் உங்கள் கோப்பில் பத்திகளாக இருந்தால் ஒரு வடிகட்டலில் பட்டியல் தயார். அந்த "வேறு வழக்கு" பத்தியை நான் ஏன் வலியுறுத்தினேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

ஜாமீன் கேட்காதவர்களையும் மனு நிலுவையில் உள்ளவர்களையும் பார்க்கும்போது வாய்தாவுக்கான காரணத்தைச் சேர்த்துப் பாருங்கள். "முகவரி சரிபார்ப்பு" என்று திரும்பத் திரும்ப வரும். பாட்டில்பிரஷ் போன்ற குடிசைப் பகுதியில் இருப்பவருக்குத் தெருப் பெயரும் கிடையாது, கதவு எண்ணும் கிடையாது. விசாரிக்கும் போலீஸ்காரர் போய்த் தேடித் திரும்பி வந்து "கிடைக்கவில்லை" என்பார். குடும்பத்தில் ஒருவர் கோர்ட்டுக்கு வந்து உறுதி சொன்னாலே பல சமயம் இது தீரும். எத்தனை வாய்தா இந்த ஒரு காரணத்தால் போனது என்று எண்ணிக் காட்டினால், ஒரு தொலைபேசி அழைப்பில் முடிகிற வேலைக்கு எத்தனை சிறை நாள் செலவாகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

சட்டத்தின் கடிகாரங்கள்

கைதானவரை 48 மணி நேரத்துக்குள் கோர்ட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஆனால் அந்தக் கெடு கோர்ட் நேரத்துக்கு வெளியே முடிந்தால் அடுத்த கோர்ட் நாள்வரை நீளும். வியாழன் இரவு பிடிபட்டவருக்குக் கெடு சனி இரவு, அதாவது நடைமுறையில் திங்கட்கிழமை. கிழமையையும் ஒரு பத்தியாக எடுத்துப் பார்த்தால் திங்கட்கிழமைக் கூட்டத்தின் காரணம் விளங்கும். ஜாமீன் மனுவை ஒத்திவைத்தால் ஒரு தடவைக்கு ஏழு நாளுக்கு மேல் கூடாது.

மனநலப் பரிசோதனைக்கு அனுப்பினால் ஒரு தடவைக்கு 30 நாள்வரை என்று சட்டம் சொல்கிறது. அது கட்டிலில் படுத்த பிறகு ஓடும் கணக்கு. கட்டிலுக்குக் காத்திருக்கும் நாளுக்கு அதில் இடமில்லை. இந்த மாகாணத்தில் இவர்கள் போக வேண்டியது பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஃபோர்ட் நேப்பியர் மருத்துவமனைக்கு. இவர்களைத் தனியாகப் பிரித்து வையுங்கள், இல்லாவிட்டால் மற்றவர்களின் சராசரியையும் இவர்கள் இழுத்துக்கொண்டு போவார்கள்.

இரண்டு வருஷக் கெடு மிக முக்கியம். சீர்திருத்தச் சேவைகள் சட்டத்தின் 49ஜி பிரிவு 2013 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ரிமாண்ட் சிறைக்கு முதன்முதலில் வந்த தேதியிலிருந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஒருவரை வைத்திருப்பதானால் அந்த விஷயத்தைக் கோர்ட்டின் பார்வைக்குக் கொண்டுபோக வேண்டும். அதன் பிறகும் உள்ளே இருந்தால் வருஷத்துக்கு ஒருமுறை மறுபடியும். இரண்டு வருஷமானால் தானாக விடுதலை என்று குடும்பங்கள் நம்புகின்றன, அப்படியில்லை. கோர்ட் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் கோப்பில் 24 மாதத்தில் சிவப்பு விளக்கு வைக்காதீர்கள். 20 மாதத்தில் மஞ்சள் விளக்கு வையுங்கள், காகிதம் நகர நாலு மாதம் ஆகும்.

18 வயதுக்குக் கீழ் ஒருவர் பட்டியலில் தெரிந்தால் வாரக் கூட்டம்வரை காத்திருக்க வேண்டாம். 2008-இன் சிறார் நீதிச் சட்டப்படி அவருக்கு வழியே வேறு. அன்றைக்கே போனை எடுங்கள்.

படம் வேண்டாம், பட்டியல் வேண்டும்

நான் முதன்முதலில் கூட்டத்துக்குக் கொண்டுபோனது வண்ண வண்ணமான வரைபடங்கள். எல்லோரும் "நன்றாயிருக்கிறது" என்றார்கள். தேநீர் குடித்துவிட்டுக் கலைந்தார்கள். அடுத்த தடவை ஒரே தாளில் பதினைந்து வரி. ஒவ்வொரு வரியிலும் வழக்கு நம்பர், எத்தனை நாள், எதற்காகக் காத்திருக்கிறார், யார் செய்ய வேண்டும். "தடயவியல் அறிக்கைக்காக" என்ற வரியைப் பார்த்ததும் அரசு வழக்கறிஞர் பேனாவை எடுத்தார். அன்றிலிருந்து அப்படித்தான்.

வாரம் ஒரே கிழமையில், ஒரே வரிசையில் கொடுங்கள். போன வாரம் இருந்து இந்த வாரமும் இருக்கிற வரிகளை மேலே வையுங்கள். நகர்ந்தவற்றையும் கீழே ஒரு வரியில் சொல்லுங்கள். வேலை செய்தவருக்கு அது நடந்தது என்று தெரிய வேண்டாமா?

சராசரி நாளைச் சொல்லும்போது கூடவே நடு எண்ணையும் சொல்லுங்கள், அதாவது எல்லோரையும் நாள் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் நாள். நாலு வருஷமாக இருக்கும் இரண்டு பேர் ஒரு சின்னப் பட்டியலின் சராசரியையே புரட்டிவிடுவார்கள். இன்னொன்று: விடுதலையானவர்களின் நாள்களை மட்டும் எடுத்துச் சராசரி போட்டால் கணக்கு குறைத்துக் காட்டும், ஏனென்றால் நீண்ட நாள் இருப்பவர்கள் இன்னும் விடுதலையாகவே இல்லை.

நெரிசல் சதவீதத்தையும் சந்தேகத்தோடு பாருங்கள். 2016 டிசம்பரில் மேற்குக் கேப் உயர் நீதிமன்றம், கேப் டவுன் போல்ஸ்மூர் ரிமாண்ட் சிறையின் கூட்டத்தை ஆறு மாதத்துக்குள் அங்கீகரித்த கொள்ளளவில் 150 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவிட்டது. தேவையான உத்தரவுதான். ஆனால் பொதுவாக ஒரு சிறையிலிருந்து இன்னொன்றுக்கு ஆள் மாற்றினாலும் முதல் சிறையின் சதவீதம் குறையும். வெளியே போனவர் வீட்டுக்குப் போனாரா, வேறு சிறைக்குப் போனாரா என்று உங்கள் கோப்பு பிரித்துச் சொல்ல வேண்டும்.

வெளியாளாக இருந்தால்

சிறைப் பதிவேடு உங்கள் கைக்கு வராது, வரவும் கூடாது. அதனால் வேலை நின்றுவிடாது. கோர்ட்டில் அன்றைய வழக்குப் பட்டியல் ஒட்டப்படும், விசாரணை பெரும்பாலும் திறந்த கோர்ட்டில் நடக்கும். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பின் வரிசையில் நான்கு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் சொல்லப்பட்ட காரணத்தை எழுதினால், எந்த அறிக்கையிலும் இல்லாத விவரம் சேரும். சிறைகளை மேற்பார்க்கும் நீதித்துறை ஆய்வு அமைப்பு ஆண்டறிக்கை வெளியிடுகிறது, அதன் பார்வையாளர்கள் சிறைகளுக்குப் போய்க் கைதிகளின் குறைகளைக் கேட்கிறார்கள். 2000-ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டத்தில் மனுப் போட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். பெயர் கேட்காதீர்கள், எண்ணிக்கை கேளுங்கள்: மாதக் கடைசி நாளில் எத்தனை பேர், மாதத்தில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் எந்தக் காரணத்தால் போனார்கள், 1,000 ராண்ட் அல்லது அதற்குக் குறைந்த ஜாமீன் கட்டாமல் எத்தனை பேர். எக்செல் வடிவில் வேண்டும் என்றும் எழுதுங்கள். ஸ்கேன் செய்த தாளில் எண்களைத் தட்டித் தட்டி என் கண் போனது.

பெயர் உள்ள கோப்பு வாட்ஸ்அப்பில் போகக் கூடாது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றச்சாட்டு விவரம் சிறப்புப் பாதுகாப்பு உள்ள வகை. அதைவிடப் பெரிய காரணம், ஊர் சின்னது. இன்னார் மகன் உள்ளே இருக்கிறான் என்பது ஞாயிற்றுக்கிழமைக்குள் கோயில்வரை போய்விடும்.

மதிப்பெண் இயந்திரம் பற்றி

யாராவது உங்களிடம் வந்து, "கம்ப்யூட்டரே ஆபத்தானவன் யார், விடக்கூடியவன் யார் என்று மதிப்பெண் போட்டுவிடும்" என்பார்கள். அமெரிக்காவில் இது பல இடங்களில் உண்டு. ஃபுளோரிடாவின் ப்ரோவர்ட் கவுண்டியில் பயன்படுத்திய ஒரு மதிப்பெண் முறையை 2016-இல் பத்திரிகையாளர்கள் ஆராய்ந்தபோது, பிறகு குற்றமே செய்யாத கறுப்பினத்தவர்களை அது வெள்ளையர்களைவிட அதிகமாக "ஆபத்து" என்று குறித்தது தெரிந்தது. தயாரித்த நிறுவனம் மறுத்தது, எது நியாயமான அளவு என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. நம் ஊரில் இனம் என்ற பத்தியே வேண்டியதில்லை, முகவரி போதும். சாட்ஸ்வர்த்தும் ஃபீனிக்ஸும் இந்தியருக்கென்றும் உம்லாஸி கறுப்பினத்தவருக்கென்றும் இனவெறி ஆட்சியில் உண்டாக்கப்பட்டவை என்று தெரிந்தவர்களுக்கு, இங்கே முகவரி என்பதே இனத்தின் இன்னொரு பெயர் என்று தெரியும். என் அபிப்பிராயம்: யார் ஆபத்து என்று ஊகிக்கும் கருவியைவிட, யார் எதற்குக் காத்திருக்கிறார் என்று சொல்லும் தாள் மேல்.

மலிவான ஒரு வேலை உண்டு. வெளியே விட்டவர் வாய்தாவுக்கு வராமல் போனால் பிடிவாரன்ட், அப்புறம் மறுபடி உள்ளே. பெரும்பாலோர் ஓடிப் போவதில்லை, தேதியை மறக்கிறார்கள், டாக்சிக் காசு இருப்பதில்லை. நியூயார்க்கில் சிறு குற்றங்களுக்குச் சம்மன் வாங்கியவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்ததில், வராமல் போவது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. உங்கள் கோப்பில் அடுத்த வாய்தா தேதி ஏற்கனவே இருக்கிறது. அவர் சம்மதத்தோடு ஒரு போன் நம்பரும், அம்மாவின் நம்பரும் சேர்த்து வாங்குங்கள். நம்பர் மாறிக்கொண்டே இருக்கும், அம்மா நம்பர் மாறாது. வாய்தாவுக்கு மூன்று நாளுக்கு முன் ஒரு செய்தி, முந்தின நாள் இரவு ஒன்று: எந்த கோர்ட், எத்தனை மணி, என்ன கொண்டுவர வேண்டும்.

சட்டச் சந்தேகம் வந்தால் நீங்களே பதில் சொல்லாதீர்கள். லீகல் எய்ட் சவுத் ஆஃப்ரிக்காவின் இலவச எண் 0800 110 110.

ஆண்டில் ஒரு வாரத்தை மட்டும் நாள்காட்டியில் இப்போதே குறித்துவையுங்கள்: நவம்பர் நடு வாரம். டிசம்பரில் எல்லாம் மெதுவாகும், வாய்தா ஜனவரிக்குத் தாண்டும், விடுமுறைக் கைதுகள் மட்டும் குறையாது. ஜாமீன் தொகை குறித்தும் கட்டாதவர்களின் பட்டியலை அந்த வாரமே எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். டிசம்பர் 10-க்குப் பிறகு கொடுத்தால் கையில் வாங்க ஆள் இருக்காது.